தூத்துக்குடியிலிருந்து ஒரு பகல் தூரம்

தூத்துக்குடியைப் பெரும்பாலானவர்கள் இறங்கிப் போகிற ஊராகத்தான் வைத்திருக்கிறார்கள். முத்துநகர் எக்ஸ்பிரஸில் காலையில் வந்து இறங்குவது, லாட்ஜில் குளித்துவிட்டுத் திருச்செந்தூருக்கு ஓடுவது, சாயங்காலம் மக்ரூன் இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு திரும்ப ரயிலேறுவது. எங்கள் வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்களும் அப்படித்தான். அவர்களை இரண்டு நாள் கூடுதலாகப் பிடித்துவைத்து ஊர் ஊராகக் கூட்டிப்போய்ப் பழகியவள் நான். பள்ளிக்கூட ஆசிரியை என்பதால் பிள்ளைகளையும் அழைத்துப் போயிருக்கிறேன். அப்படிப் போன இடங்களையும் அங்கே சந்தித்த மனிதர்களையும் இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். கோயில் பட்டியல் போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள். வேன் பிடித்து, மத்தியானத்துக்குள் ஒன்பது கோயில் என்று கணக்குப் போட்டால் ஒன்பது வாசலையும் செருப்பு விடுகிற இடத்தையும்தான் பார்ப்பீர்கள். ஒரு தடவை எங்களுக்கு வாய்த்த வேன் டிரைவர் கோயிலுக்கு இருபது நிமிஷம் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். உள்ளே போன பெரியம்மா பிரகாரம் சுற்றி முடிக்கும் முன்பே ஹாரன் அடித்துவிட்டார். இந்தப் பக்கத்தைப் பார்க்க நல்ல வழி ஆற்றோடும் கடற்கரையோடும் போவதுதான். தாமிரபரணி மண்ணைக் கொண்டுவந்து கொட்டக் கொட்டக் கடல் விலகிப் போனது. துறைமுகமும் அதன் பின்னாலேயே இடம் மாறியது. கொற்கை, பழைய காயல், புன்னைக்காயல், கடைசியில் தூத்துக்குடி. இந்த வரிசை மனதில் இருந்தால், பஸ் ஜன்னலில் வாழைத்தோட்டமாக ஓடுகிற ஊர்களுக்கெல்லாம் ஒரு கதை வந்துவிடும்.

முதல் நாளைக் கொற்கைக்கு வையுங்கள். திருச்செந்தூர் ரோட்டில் பழைய காயல் தாண்டி, ஏரல் போகிற பக்கம் திரும்பினால் வந்துவிடும். பாண்டியரின் முத்துத் துறைமுகம், சங்கப் பாட்டில் வருகிற ஊர் என்று படித்துவிட்டுப் போகிறவர்கள் அங்கே நின்று திகைத்துப் போவார்கள். ஒரு குளம், வயல், பனை, சின்னதாகக் கோயில்கள், அவ்வளவுதான். கடல் இன்றைக்குப் பல கிலோமீட்டர் கிழக்கே. 1960களின் கடைசியில் அங்கே தோண்டிய தமிழகத் தொல்லியல் துறைக்குக் கிடைத்த கரியின் காலம் கி.மு. 785 வரை போனது. ஊரில் வெற்றிவேல் அம்மன் கோயிலும், ஒரு கிழட்டு வன்னி மரமும், அக்கசாலைப் பிள்ளையாரும் இருக்கிறார்கள். அக்கசாலை என்றால் நாணயம் அடிக்கிற இடம். அந்தக் காலத்து வேலை பிள்ளையாரின் பேரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

குளத்தங்கரையில் ஒரு தாத்தா மாடு மேய்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் தரையைக் குனிந்து குனிந்து பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "என்ன தாயி, சங்கா தேடுதிய?" என்று கேட்டார். வீட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து காட்டினார். வரப்பு வெட்டும்போது கிடைத்ததாம். எல்லாம் சங்குத் துண்டு. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் இயற்கையான வளைவு, மறு பக்கம் நேராக அறுத்த மழமழப்பு. வளையல் அறுத்தது போக மிச்சம் என்று பார்த்தாலே தெரிந்தது. இங்கே நடந்த அகழாய்வுகளிலும் இப்படி அறுத்துப் போட்ட சங்குக் கழிவு நிறையக் கிடைத்திருக்கிறது. "சின்னப் பிள்ளையில இத வச்சுத்தான் பாண்டி ஆடுவோம். பொறவு படிச்சவங்க வந்து இது ராசா காலத்துது, தொடாதீங்கன்னாங்க" என்றார். அந்த டப்பாவை அவர் மூடி வைத்த விதத்தைப் பார்க்க வேண்டுமே. சாமி நகைப்பெட்டியைக் கூட அவ்வளவு பதனமாக மூட மாட்டார்கள். வெளியூர்க்காரர்கள் சிலர் காசு தருகிறேன் என்று கேட்டார்களாம், கொடுக்கவில்லையாம். நீங்களும் கேட்காதீர்கள், தரையில் கிடந்தாலும் எடுத்துவராதீர்கள்.

பழைய காயலில் பார்ப்பதற்கென்று பெரிதாக ஒன்றும் இல்லை. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ எழுதிய காயல் பட்டணம் இந்தப் பகுதிதான் என்பார்கள். அரேபியாவிலிருந்து குதிரைகள் கப்பலில் வந்து இறங்கிய துறை. இன்றைக்கு உப்பளம். தை, மாசி தொடங்கி மழை வரும் வரை உப்பு வாருவார்கள். காலை ஏழு மணிக்கு முன்னால் போனால் பாத்தியில் வேலை நடப்பதைப் பார்க்கலாம். வெயில் ஏறிவிட்டால் அந்த வெள்ளை கண்ணைக் கூச வைக்கும். அங்கே வேலை செய்கிற அக்காமார்களிடம் கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். வேலைக்கு நடுவே யாரோ வந்து படம் பிடித்துப் போவது அவர்களுக்குப் பிடிப்பதில்லை, அது நியாயமும்கூட.

முக்காணியைத் தாண்டியதும் தாமிரபரணிப் பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆத்தூர், வெற்றிலைக்குப் பேர் போன ஊர், புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. கொடிக்காலுக்குள் சொல்லிவிட்டுப் போனால் யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே அப்படி ஒரு குளுமை.

ஆற்றை எதிர்த்து மேற்கே போவதற்குத் திருநெல்வேலி - திருச்செந்தூர் பாசஞ்சர் ரயிலைத்தான் நான் எல்லாரிடமும் சொல்வேன். குரும்பூர், நாசரேத், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனும் ஒரு நாளைக்கு ஆகும். ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் இருந்த உறங்காப்புளியைப் பாருங்கள். பொந்தும் முடிச்சுமாக அந்த மரம் நிற்கிற நிலையைக் கண்டால் வயதைப் பற்றி யாரும் வாதாட மாட்டார்கள். அங்கேயே கல்லில் செய்த நாதஸ்வரம் ஒன்றும் இருக்கிறது. வைகாசியில் நவதிருப்பதிப் பெருமாள்கள் ஒன்பது பேரும் கருடன் மேல் வந்து கூடுகிற நாளில் ஊர் கொள்ளாது. கூட்டம் பிடிக்கும் என்றால் அன்றைக்கே போங்கள், அப்புறம் வேறு நாளில் இன்னொரு தடவை போங்கள்.

ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17ஆம் தேதி ராத்திரி பெய்த மழை யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் இந்த ஸ்டேஷனில் நின்றது. முன்னால் தண்டவாளத்துக்குக் கீழே இருந்த மண்ணையும் ஜல்லியையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிய படம் பேப்பரில் வந்ததே, அதுதான். 800 பேர் அளவில் இருந்த ரயில் அங்கேயே மாட்டிக்கொண்டது. கொஞ்சம் பேரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். மீதிப் பேர் ரயிலிலேயே கிடந்தார்கள். வெளியிலிருந்து உதவி வந்து சேருவதற்குள் சோறு போட்டது பக்கத்து ஊர்க்காரர்கள்தான்.

அடுத்த வருஷம் நான் அங்கே இறங்கியபோது பிளாட்பாரத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் அந்தச் சமையலில் இருந்தவர். "அரிசிக்குக்கூட பஞ்சமில்லக்கா. வீட்டுக்கு ரெண்டு படி, மூணு படின்னு அவங்கவங்க கொண்டாந்துட்டாங்க. காஞ்ச விறகுதான் கிடைக்கல. எங்க பரண்ல மாமியா வச்சிருந்த பழைய கட்டில் கால உடைச்சு எரிச்சோம்" என்றார். ரயிலில் இருந்த ஒரு அம்மா மூன்று மாதம் கழித்துக் குடும்பத்தோடு தேடிவந்து சேலை கொடுத்துவிட்டுப் போனாராம். "நான் வேண்டாம்னுதான் சொன்னேன். அவங்க அழுதாங்க, வாங்கிக்கிட்டேன்." பேசிக்கொண்டிருக்கும்போதே ரயில் வந்துவிட்டது. இரண்டு முழம் மல்லிகையைத் தலையில் வைத்துவிட்டார், காசு வாங்க மாட்டேன் என்றார். நான் விடவில்லை.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து கொஞ்ச தூரம்தான் ஆதிச்சநல்லூர். ஆற்றின் தென்கரையில் செம்மண் பரம்பு. வெளியிலிருந்து பார்த்தால் பொட்டல். 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டினார், 1899 முதல் அலெக்சாண்டர் ரீ சில வருஷம் தோண்டினார். இறந்தவர்களை வைத்துப் புதைத்த தாழிகள், இரும்பு ஆயுதங்கள், வெண்கலக் கிண்ணங்கள், நெற்றியில் கட்டுகிற பொன் பட்டங்கள் என்று கிடைத்தவை வெளியூர் அருங்காட்சியகங்களுக்குப் போய்விட்டன. சென்னை எழும்பூரில் நிறைய இருக்கின்றன. அதனால்தான் தோண்டிய இடத்திலேயே 2023இல் திறந்த அருங்காட்சியகம் எனக்கு அவ்வளவு சந்தோஷத்தைக் கொடுத்தது. தோண்டிய குழியை அப்படியே விட்டு, மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். காலுக்குக் கீழே தாழிகள் புதைத்த நிலையிலேயே தெரியும். என்னோடு வந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒருத்தி கண்ணாடி மேல் கால் வைக்க மாட்டேன் என்று ஓரத்திலேயே நின்றாள். பயமா என்று கேட்டேன். "இல்ல டீச்சர், கீழ படுத்திருக்காங்க, மிதிக்கக் கூடாது" என்றாள். மற்ற பிள்ளைகளும் அதைக் கேட்டு ஓரமாகவே நடந்தார்கள். நான் அன்றைக்குச் சொல்லிக்கொடுக்க வைத்திருந்த பாடத்தைவிட அது பெரிய மரியாதை.

இனித் தெற்கே. திருச்செந்தூரைப் பற்றி நான் சொல்லி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தும் உப்புக் கரிக்காத நாழிக்கிணற்றுத் தண்ணீர், பன்னீர் இலையில் மடித்த திருநீறு, கடற்கரையில் படுத்துக் கிடந்து விடியற்காலை எழுகிற சனம், இவை எத்தனை தடவை போனாலும் அலுக்காது. கந்த சஷ்டிக்குப் போவதாக இருந்தால் காரை மறந்துவிடுங்கள்.

திருச்செந்தூரிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள் குலசேகரன்பட்டினம். இப்போது ராக்கெட் தளம் வருகிறது என்று ஊர் பேர் டிவியில் அடிபடுகிறது, 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். எங்களுக்கு அது முத்தாரம்மன் ஊர், தசரா ஊர். பத்து நாளும் வேண்டுதல் வைத்தவர்கள் வேஷம் கட்டி, வீடு வீடாகக் காசு வாங்கி, அதை அம்மன் உண்டியலில் போடுவார்கள். விஜயதசமி ராத்திரி கடற்கரையில் சூரசம்ஹாரம்.

ஒரு தசரா சமயம் அம்மாவோடு பஸ்ஸில் போனேன். ஆறுமுகநேரியில் ஒருவர் ஏறினார். முகமெல்லாம் நீலம், கழுத்தில் பொம்மைத் தலை மாலை, இடுப்பில் கட்டியிருந்த மரக் கைகள் இரண்டு பக்கமும் முட்டின. முழுக் காளி வேஷம். சீட்டில் உட்கார முடியாமல், கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு படிக்குப் பக்கத்தில் நின்றார். அம்மா எழுந்து தன் இடத்தைக் கொடுத்தார். அம்மாவுக்கு வயது எழுபதுக்கு மேல். அவர் மறுக்க, அம்மா விடவில்லை. "நீ இப்ப என் மகன் வயசுக்காரன் இல்ல தாயி, உக்காரு" என்றார். அவரும் உட்கார்ந்துவிட்டார். வழியெல்லாம் அம்மா அவரைத் தாயே என்றுதான் கூப்பிட்டார். துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவராம். பெண் குழந்தைக்குச் சின்ன வயதில் காய்ச்சல் தலைக்கேறிப் பிழைக்காது என்றிருந்தபோது நேர்ந்துகொண்டாராம். பிள்ளை இப்போது பிளஸ் டூ. "வேஷம் கட்டுறதுக்கு முந்தி நாப்பத்தொரு நாள் விரதம். வண்டியில இருக்கும்போது சக டிரைவருங்க பரோட்டா திங்கும்போதுதான் கஷ்டம்" என்றார். எண்ணெயில் பொரித்த எங்கள் ஊர்ப் பரோட்டா வாசனையைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று புரியும். இறங்கும்போது அம்மா பத்து ரூபாயைத் தட்டில் போட்டுவிட்டு அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அவரும் கூச்சப்படாமல் திருநீறு பூசிவிட்டார். குலசை தசராவை நீங்கள் கோயிலுக்குள் பார்ப்பதைவிட அந்தப் பத்து நாள் டவுன் பஸ்ஸில் நன்றாகப் பார்க்கலாம்.

இன்னும் கொஞ்சம் தெற்கே மணப்பாடு. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற மணல் குன்று, அதன் உச்சியில் திருச்சிலுவைக் கோயில். கோயில் 1581இல் கட்டியது. அதற்கு முன்பே 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கிய குகை குன்றுக்குக் கீழே கடல் பார்த்தபடி இருக்கிறது. செப்டம்பர் 14 திருவிழா. குன்றின் மேலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் கருமேனியாற்றுக் கழிமுகம், நடுவே கோயிலும் வீடுகளும். வெயில் தாழ நாலரை மணிக்கு ஏறுங்கள். மணலில் கால் புதையும், வயதானவர்களுக்குக் கைப்பிடிக்க ஒருவர் வேண்டும்.

அங்கே பெண்கள் பனையோலையில் பெட்டி முடைவார்கள். ஒரு அக்கா திண்ணையில் உட்கார்ந்து முடைந்துகொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். கை மட்டும் ஓடுகிறது, கண் ரோட்டைப் பார்க்கிறது, வாய் மருமகளோடு பேசுகிறது. அந்தச் சாயம் போட்ட சிவப்பு ஓலை மட்டும் எந்த இடத்தில் வர வேண்டுமோ அங்கே சரியாக வந்து விழுந்தது. என் மகள் வாங்கி முயன்று பார்த்தாள், இரண்டாவது சுற்றிலேயே ஓலை பிளந்தது. "காத்து ஒணத்தியா அடிக்குது, ஓலை காஞ்சிட்டு. கொஞ்சம் தண்ணி தொட்டுக்கோ" என்று சொல்லிக்கொடுத்தார். அரைமணி நேரத்தில் மகள் மூடி இல்லாத ஒரு கோணல் பெட்டி முடைந்தாள். அதற்கும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஓரம் மடித்து முடித்துக்கொடுத்தார். கடையில் பேரம் பேசுவதைப் போல அவர்களிடம் பேரம் பேசாதீர்கள். ஒரு பெட்டிக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்தால் பேரம் பேச மனசே வராது.

இந்தப் பயணங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது தேரி என்கிற செம்மணல் காடும் உடன்குடியும். ஒரு நாள் முழுக்க இதற்கென்று ஒதுக்குங்கள். திருச்செந்தூருக்கு மேற்கே, காயாமொழி, குதிரைமொழிப் பக்கம் தரை சட்டென்று சிவந்துவிடும். இரும்புச் சத்து ஏறிய செம்மணல், மேடும் பள்ளமுமாகக் கண்ணுக்கெட்டும் தூரம் வரை. ஆடிக் காற்றில் மணல் இடம் மாறும். நேற்று நடந்த தடம் இன்றைக்கு இருக்காது. இவ்வளவு காய்ந்த இடத்துக்கு நடுவே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் சுனை இருக்கிறது, சுற்றிலும் பச்சை மரங்கள். பங்குனி உத்திரத்துக்கு மும்பையில் இருக்கிறவர்கள்கூட அவரவர் சாஸ்தாவைத் தேடி வந்துவிடுவார்கள். தேரிக்குள் தனியாக ரொம்ப தூரம் போக வேண்டாம், எல்லாத் திசையும் ஒரே மாதிரி இருக்கும். பகல் பதினொரு மணிக்கு மேல் மணல் சுடும்.

உடன்குடிக்குப் போவதென்றால் பங்குனி, சித்திரை, வைகாசியில் போக வேண்டும், அதுவும் விடிவதற்குள். அப்போதுதான் பனையேறியைப் பனையில் பார்க்கலாம். எங்களை அழைத்துப் போனது கணவரோடு வேலை செய்கிறவரின் சித்தப்பா. அறுபது வயதிருக்கும். காலில் தளைநார், இடுப்பில் அருவாப்பெட்டி. பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்தாமலே மேலே போய்விட்டார். பாளையின் நுனியை ஓலை அகலத்துக்கு மெல்லிசாகச் சீவி, கலயத்தை இறக்கி, வேறு கலயத்தைக் கட்டிவிட்டு இறங்கினார். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு பூசியிருக்கும். அது இல்லையென்றால் வெயில் ஏறுவதற்குள் புளித்துக் கள்ளாகிவிடும். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, ஒவ்வொரு மரத்துக்கும் இப்படி. ஓலையை மடித்துப் பட்டை செய்து பதனீரை ஊற்றிக் கொடுத்தார், அதில் இரண்டு நுங்கைப் பிதுக்கிப் போட்டார். அதற்கு மேல் அன்றைக்குக் காலைச் சாப்பாடு எங்களுக்குத் தேவைப்படவில்லை.

பிறகு விடிலிக்குப் போனோம். ஓலைக் குடிசைதான், உள்ளே பெரிய அடுப்பு, அகலமான சட்டி. இங்கே ராஜ்யம் சித்தியுடையது. பதனீரை வடிகட்டி ஊற்றி, உடைமர விறகும் காய்ந்த மட்டையும் போட்டு எரிக்கிறார். கொதித்து நுரை பொங்கி மேலே வருகிறபோது ஆமணக்கு முத்து நாலைந்தை நசுக்கி உள்ளே போட்டார். பொங்கிய நுரை அப்படியே அடங்கியது. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள், இன்னொரு தடவை போடுங்கள் என்றார்கள். "போட்டா கருப்பட்டி கசக்கும் மக்கா, இது வித்தை இல்ல" என்றார் சிரித்துக்கொண்டே. இரண்டு மணி நேரத்துக்கு மேல் அந்தச் சூட்டில் நின்று கிண்டினார். முதலில் தண்ணீராக ஓடியது, பிறகு தேன் நிறம், பிறகு கருஞ்சிவப்பு. நடுவே கூப்பனியாக, அதாவது பாதி இறுகிய பாகாக இருக்கும்போது ஒரு கரண்டி எடுத்துக் கொட்டாங்கச்சியில் ஊற்றிப் பிள்ளைகளுக்கு நக்கக் கொடுத்தார். பாகு பதம் வந்ததா என்று பார்க்கத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டினார். உருண்டது. அப்புறம் ஒரு நொடியும் தாமதிக்கவில்லை. சட்டியை இறக்கி, வரிசையாக வைத்திருந்த சிரட்டைகளில் ஊற்ற ஆரம்பித்தார். பேச்சு முழுக்க நின்றுவிட்டது. கை தாமதித்தால் சட்டியிலேயே இறுகிவிடும் என்று சித்தப்பா எங்களிடம் மெதுவாகச் சொன்னார்.

உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் பற்றிக் கேட்டேன். "நல்லதுதான். ஆனா சீனிப்பாக ஊத்திக் கலக்கிக் கொறஞ்ச வெலைக்கு விக்கிறவன் எங்க வெலைய கெடுக்கான். ஏறுறதுக்கும் ஆளில்ல. எம் பிள்ளைங்க ரெண்டு பேரும் சென்னையில மளிகைக் கடையில நிக்காங்க" என்றார் சித்தப்பா. கோபமாகச் சொல்லவில்லை, கணக்குச் சொல்வதைப் போலச் சொன்னார். நானும் ஏமாந்திருக்கக்கூடிய ஊர்தான் இது, அதனால் சொல்கிறேன்: பெரிய ரோட்டோரத்தில் அடுக்கி வைத்திருப்பதை வாங்குவதற்கு முன் விடிலி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். காட்டுகிறேன் என்று கூட்டிப்போகிறவரிடம் வாங்குங்கள். விலை கூடத்தான் இருக்கும். அந்த அடுப்புக்கு முன்னால் பத்து நிமிஷம் நின்றால் விலை ஏன் அப்படி என்று கேட்க மாட்டீர்கள். சுக்குக் கருப்பட்டி கிடைத்தால் விடாதீர்கள்.

வடக்குப் பக்கம் போவதற்கு ஒரு நாள். பாஞ்சாலங்குறிச்சியில் இப்போது இருக்கிற கோட்டை 1974இல் கட்டிய நினைவுக் கோட்டை. பழைய கோட்டையை 1801 போருக்குப் பிறகு ஆங்கிலேயர்கள் தரைமட்டமாக்கிவிட்டார்கள். அதன் அடித்தளம் பக்கத்தில் தெரியும், அதைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். பக்கத்திலேயே ஓட்டப்பிடாரம், வ.உ.சி. பிறந்த வீடு. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியவர் பிறந்தது கடல் கண்ணுக்கே தெரியாத கரிசல் ஊரில் என்பது பிள்ளைகளுக்கு எப்போதும் ஆச்சரியம்.

அங்கிருந்து எட்டயபுரம். பாரதி பிறந்த வீட்டுக்கு எல்லாரும் போவார்கள், போகத்தான் வேண்டும். ஆனால் அதே சின்ன ஊரில் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் தர்காவும், 1835 தீபாவளியன்று காலமான முத்துசுவாமி தீட்சிதரின் சமாதியும் இருக்கின்றன. மூன்றையும் ஒரே காலைப்பொழுதில் பார்த்துவிடலாம். எங்களைக் கூட்டிப்போன ஆட்டோ அண்ணாச்சி தர்கா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு எங்களோடு உள்ளே வந்தார், தீட்சிதர் சமாதியிலும் அப்படியே வந்தார். பாரதி வீட்டில் மட்டும் வெளியே நின்றுவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "இது நம்ம வீடுல்லா, தினமும் வாரதுதான். நீங்க நிதானமா பாத்துட்டு வாங்க" என்றார். பள்ளிக்கூடத்தில் படித்த பாட்டு ஒன்றுவிடாமல் அவருக்கு மனப்பாடம். மதியச் சாப்பாட்டுக்குப் போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார், பின் சீட்டில் பிள்ளைகள் கூடச் சேர்ந்து கத்தினார்கள்.

நேரம் இருந்தால் கோவில்பட்டி வழியாகக் கழுகுமலை. கோவில்பட்டியில் கடலை மிட்டாய் வாங்கிக்கொள்ளுங்கள், மலை ஏற உதவும். வெட்டுவான் கோயில் 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. மலையை மேலிருந்து கீழாக வெட்டிக்கொண்டே வந்து, முடிக்காமல் விட்டுவிட்டார்கள். விமானம் முழுசாக நிற்கிறது, கீழே அடிப்பகுதி பாறையாகவே இருக்கிறது. தென்புறத்தில் மிருதங்கம் வாசிக்கிற தட்சிணாமூர்த்தியைத் தேடிப் பாருங்கள், விரல்கள் தோல் மேல் விழுகிற அழுத்தம் கல்லில் தெரியும். இன்னும் மேலே சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசை வரிசையாகப் பாறையில். அவற்றைச் செய்துவைத்தவர்களின் பெயர்கள் வட்டெழுத்தில் கீழே இருக்கின்றன. அதில் பாடம் சொன்ன பெண் துறவிகள் இருக்கிறார்கள், குரத்தியார் என்று. அவர்களிடம் படித்த மாணாக்கியரும் இருக்கிறார்கள். நான் அதைச் சொன்னதும் பொங்கல் வைக்க அய்யனார் கோயிலுக்கு ஏறிவந்திருந்த ஒரு ஆச்சி, "அந்தக் காலத்துலயே பொம்பளப் பிள்ளய படிச்சிருக்கா? எங்க அய்யா என்னை அஞ்சாங் கிளாசோட நிப்பாட்டிட்டாரே" என்று கேட்டார். எங்கே எழுதியிருக்கிறது காட்டு என்றார். காட்டினேன். முந்தானையால் அந்த எழுத்தைத் துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் விரலால் தடவினார். அப்புறம் பொங்கல் பானை பொங்குகிறது என்று யாரோ கூப்பிட, போய்விட்டார். வரும்போது எங்களுக்கும் இலையில் வைத்துக் கொடுத்தார்.

வருகிறவர்களுக்குச் சில விஷயம். ஐப்பசி, கார்த்திகையில் மழை எச்சரிக்கை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், ஆற்றோரச் சாலைகள் முதலில் முழுகும். மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குப் படகில் போகலாம் என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா, நினைத்தபடி இறங்க அனுமதி கிடையாது. வெளிமான் பார்க்க ஆசை இருந்தால் திருநெல்வேலி ரோட்டில் வல்லநாடு சரணாலயத்துக்கு அதிகாலையில் போங்கள். உட்பகுதி ஊர்களுக்கு டவுன் பஸ் உண்டு, ஆனால் ஒன்றை விட்டால் அடுத்தது எப்போது என்று கண்டக்டரிடம் இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். உடன்குடி, மணப்பாடு, எட்டயபுரம் மூன்றில் எங்கே போனாலும் கையில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்து ஊர்களில் யாரைச் சந்தித்தீர்கள் என்று நீங்களும் எழுதுங்கள். குறிப்பாகப் புன்னைக்காயல் முகத்துவாரத்துக்குப் படகில் போனவர்கள் இருந்தால் எந்த மாதம் போனீர்கள், யாரிடம் கேட்டுப் போனீர்கள் என்று சொல்லுங்கள். வருகிற கோடை விடுமுறையில் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போக வேண்டும்.